ராத்திரி 11 மணிக்கு மொட்டமாடில வெறுங்கால வெச்சுப் பாருங்க

போன வருஷம் மே மாசம் மட்டும் என்கிட்ட 14 கள்ளிச் செடி செத்துச்சு. வெயில்ல செத்துச்சுன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்றாங்க. "பாலைவனத்து செடிடா அது, வெயில்ல எப்படிடா சாவும்"னு சிரிக்கறாங்க, நானும் அதே நெனப்புல தான் அஞ்சு வருஷமா வளத்துக்கினு இருந்தேன். இந்த வருஷம் கத்திரி முடியற நேரம் வந்தாச்சு, இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு தான் போச்சு, அதுவும் முழுக்க என் கைங்கரியம், அத கடைசில சொல்றேன். நடுவுல என்ன மாத்துனேன்னு மூணு நாலு பேரு கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி வாய் வலிக்குது, அதனால இங்க எழுதி வெச்சிடறேன்.

எங்க வீடு வேலூர் சத்துவாச்சாரி. மாடி மேல மொட்டமாடி, பக்கத்துலயே பாறை மலை. மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறுன்னு நம்ம ஊரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் இருக்குதே, அதுல மொத பாதிய எங்க மாடில நின்னா நேராவே பாக்கலாம். பகல் முழுக்க அந்தப் பாறை வெயில குடிச்சிட்டு ராத்திரி எங்க மேல ஊதிக்கினு இருக்கும். வேலூர வெயிலூர்னு சொல்றத வெளியூர்க்காரன் ஜோக்குன்னு நெனப்பான். மார்ச் கடைசில இருந்தே சாயந்தர நியூஸ்ல இன்னைக்கு எந்தெந்த ஊர்ல சதம்னு வாசிப்பாங்க இல்ல, அந்த லிஸ்டுல நம்ம பேரு இல்லாத நாளு தான் எங்க வீட்ல நியூஸு.

போனதுல எனக்கு இன்னும் ஆறாதது அந்த கோல்டன் பேரல் கள்ளி. சாத்துக்குடி சைசுல வாங்கி சின்ன பூசணிக்கா அளவுக்கு கொண்டாந்திருந்தேன், மஞ்ச முள்ளு சூரிய வெளிச்சத்துல பளபளன்னு நிக்கும், வீட்டுக்கு யார் வந்தாலும் மொதல்ல அதத்தான் காட்டுவேன். ஒரு நாள் பாத்தா லேசா ஒரு பக்கமா சாஞ்சிருக்குது. வேற ஒண்ணும் தெரியல, பச்சையாத்தான் இருக்குது, முள்ளும் அப்படியே இருக்குது. நேரா நிமுத்தலாம்னு ரெண்டு சாக்கு சுத்தி புடிச்சு தூக்கறேன், மேல் பாகம் மட்டும் கையோட வந்துடுச்சு, அடிப்பாகம் தொட்டியிலயே நிக்குது. உள்ள பூரா பழுப்பு கஞ்சி. புளிச்ச மாவுல அழுகின கத்திரிக்காய கலந்தா என்ன நாத்தம் வரும், அந்த நாத்தம். வெளித்தோலு கடைசி நிமிஷம் வரைக்கும் ஆரோக்கியமா நடிச்சிருக்குது, உள்ள எப்பவோ முடிஞ்சுபோச்சு. அப்புறம் மத்ததையெல்லாம் ஒரு பேனா மூடிய வெச்சு அடியில அழுத்தி அழுத்திப் பாத்தேன், நாலுல மூடி வெண்ணைல போற மாதிரி உள்ள போவுது.

நான் அப்போ என்ன பண்ணிக்கினு இருந்தேன்னா, வெயில் ஜாஸ்தி, பாவம் செடிக்கு தாகமா இருக்கும்னு தெனமும் மூணு மணிக்கு, ரெண்டாவது ஷிப்டுக்கு கெளம்பறதுக்கு முன்னாடி, டேங்க் பைப்புல ஓஸ் மாட்டி எல்லாத்துக்கும் தண்ணி உட்டுட்டு போவேன். மூணு மணிக்கு மாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணி எப்படி இருக்கும்னு வேலூர்ல இருக்கறவங்களுக்கு சொல்லத் தேவையில்ல, மே மாசம் மத்தியானத்துல கை கழுவவே நாம தயங்குவோம். அந்தத் தண்ணிய ஓஸ்ல, அதுவும் வெயில்ல காஞ்சுக்கினு கெடந்த ஓஸ்ல, வேருக்கு ஊத்தியிருக்கேன். செடிய வளத்தேன்னு சொல்றதவிட அவிச்சேன்னு சொல்றது சரி. அம்மா மட்டும் அப்பவே, "கள்ளிக்கு எவன்டா தெனம் தண்ணி ஊத்துவான், வேலிக்கு யாரு ஊத்தறாங்க"ன்னாங்க. கேட்டிருந்தா காசு மிச்சம்.

ஆனா தண்ணி மட்டும் காரணம் இல்லைன்னு ஒரு கரண்டு போன ராத்திரி தான் தெரிஞ்சுச்சு. ஷிப்ட் முடிச்சு 11 மணி வாக்குல வீட்டுக்கு வந்தா தெரு முழுக்க இருட்டு, வீட்டுக்குள்ள அடுப்பு மாதிரி இருக்குது. சரி மாடில படுக்கலாம்னு பாய எடுத்துக்கினு போயி செருப்ப கழட்டிட்டு கால வெச்சேன், சுடுது. ராத்திரி 11 மணிக்கு. பாய விரிச்சு படுத்தா பாய் வழியா முதுகுல ஒத்தடம் குடுக்குது. அப்பா கீழ இருந்து, "நாங்கல்லாம் அந்த காலத்துல சாயந்தரமே நாலு கொடம் தண்ணி ஊத்தி தரைய ஆத்திட்டு தான்டா படுப்போம்"னு சொல்றாரு. எனக்கு தூக்கம் போச்சு. நாம படுத்தா எழுந்து கீழ போயிடலாம், இந்தத் தரை மேல கருப்பு பிளாஸ்டிக் தொட்டில ராத்திரி பகலா ஒக்காந்துக்கினு இருக்கறது எங்க போவும்?

மறுநாள் சமையலுக்கு குத்திப் பாக்கற தெர்மாமீட்டரு ஒண்ணு வாங்கினேன், கூர்மையா ஊசி இருக்குமே அது. ஒரு வாரம் அதையே கையில புடிச்சுக்கினு மாடில சுத்தினேன், பக்கத்து வீட்டு அக்கா, "என்னா தம்பி, செடிக்கு ஜொரமா"ன்னு கேட்டாங்க. மத்தியானம் மூணு மணிக்கு கருப்பு தொட்டில மேற்கு ஓரத்து மண்ணு 53 டிகிரி செல்சியஸ். அதே நேரத்துல பக்கத்துல இருக்கற மண் தொட்டில 44. சரி பகல்ல இருக்கட்டும், என்னை ஒலுக்கினது ராத்திரி கணக்கு தான். 11 மணிக்கு காத்து 31, கருப்பு தொட்டி நடு மண்ணு இன்னும் 37, சிமெண்ட் தரைய ஒட்டி வெச்சா 39. விடிகாலை அஞ்சு மணிக்குத் தான் ஏதோ கொஞ்சம் எறங்குது, எறங்கி ஒரு மணி நேரத்துல திரும்ப சூரியன் வந்துடுது. அதாவது வேரு ஆறுறதுக்கு நேரமே இல்ல.

இங்க தான் கள்ளியோட ஒரு விஷயத்த சொல்லணும். மத்த செடில பெரும்பாலானது பகல்ல எலையில இருக்கற துவாரத்த தெறந்து காத்து வாங்கும். கள்ளி அப்படி தெறந்தா இருக்கற ஈரம் பூரா போயிடும், அதனால பகல்ல வாய இறுக்கி மூடிக்கும், ராத்திரி குளுந்தப்புறம் தான் தெறக்கும். அப்ப உள்ள வாங்குன கார்பன் டை ஆக்சைட மாலிக் ஆசிடா மாத்தி உள்ள சேத்து வெச்சுக்கும், விடிஞ்சதும் வாய மூடிக்கினு அந்த சேமிப்ப எடுத்து வெயில்ல சமைச்சு சாப்பிடும். ராத்திரி தான் அதுக்கு மார்க்கெட்டு, பகல்ல சமையல். ராத்திரி மார்க்கெட்டே தெறக்கலைன்னா பகல்ல என்ன பொங்கும்?

இத நாக்குலயே தெரிஞ்சுக்கலாம், இது எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. கட்டிப்போட்டா குட்டிபோடும்னு ஒரு செடி இருக்குதே, ரணகள்ளின்னும் சொல்வாங்க, எலைய நூல்ல கட்டி தொங்க உட்டாலே ஓரத்துல குட்டி குட்டியா மொளைக்கும். பேர்ல தான் கள்ளி, கள்ளிக் குடும்பம் கெடையாது, ஆனா மூச்சு விடற வித்தை ஒண்ணு தான். 200 வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கம் கம்பெனி ஆட்சில தாவரவியல் வேலை பாத்த பெஞ்சமின் ஹெய்ன்னு ஒரு ஜெர்மன்காரரு இந்த எலைய காலைல மென்னு பாத்திருக்காரு, புளிச்சிருக்குது. மத்தியானம் மென்னா சப்புன்னு இருக்குது, சாயந்தரம் கசக்குது. 1813ல லண்டன் லின்னேயன் சொசைட்டிக்கு இத கடிதமா எழுதி போட்டிருக்காரு. ராத்திரி சேத்த ஆசிட் தான் அந்த காலைப் புளிப்பு. எங்க வீட்ல படிக்கட்டு ஓரமா இந்தச் செடி நாலு தொட்டி இருக்குது. நானும் ஜனவரில காலைல ஒரு துண்டு நுனில கடிச்சு துப்பினேன், நல்லா சுளீர்னு புளிச்சுது. மே மாசம் அதே நேரத்துல கடிச்சா ஏதோ பேருக்கு புளிக்குது. (இத கீரை மாதிரி மென்னு முழுங்காதீங்க, விஷத்தன்மை இருக்குது. நாக்குல வெச்சு துப்பறதோட சரி.) ஒரு துண்டு எலைய வெச்சு ஆராய்ச்சின்னு சொல்ல வரல, ஆனா எனக்கு அந்த நிமிஷம் மண்டைல பல்பு எரிஞ்சுது. நம்ம ஊர்ல பகல் வெயில் கள்ளிய கொல்லல. ஆறாத ராத்திரி தான் கொல்லுது.

இது என் சொந்த கண்டுபிடிப்புன்னு பெருமையடிக்க முடியாது. அமெரிக்கால அரிசோனா ஃபீனிக்ஸ்ல 2023ல இதே நடந்துச்சு. ஜூன் 30ல இருந்து ஜூலை 30 வரைக்கும் 31 நாளு விடாம 110 ஃபாரன்ஹீட்டும் அதுக்கு மேலயும். நம்ம பேப்பர்லயும் ஃபாரன்ஹீட்ல தான் போடறான், அதனால அந்த 110 எவ்ளோன்னு நமக்கு சட்டுன்னு புரியும். அதவிட மோசம், 16 நாளு ராத்திரில கூட 90க்கு கீழ எறங்கல. சினிமால கைய தூக்கிக்கினு நிக்குமே சாகுவாரோ கள்ளி, மொத கை மொளைக்கவே 50 வருஷத்துக்கு மேல ஆவும், அது அந்த ஊரோட சொந்தப் பிள்ளை, அதுவே உள்ள அழுகி கை கையா ஒடிஞ்சு விழுந்துச்சு, சிலது அப்படியே சாஞ்சுது. அங்க பாலைவனச் செடி தோட்டத்துல வேலை பாக்கறவங்க சொன்னது இது தான்: பகல் சூடு அதுக்கு பழக்கம், எங்கயாவது ஒரு நேரத்துல ஆறணும், தண்ணி வரணும், ரெண்டும் நடக்கல. பொறந்த மண்ணுலயே அந்த கதின்னா சத்துவாச்சாரி மொட்டமாடில தொட்டிக்குள்ள வேர சுருட்டிக்கினு இருக்கறத நெனச்சுப் பாருங்க.

இன்னொண்ணும் கேப்பீங்க, அப்ப மலையடிவாரத்துல இருக்கற சப்பாத்திக்கள்ளி எப்படி ஒண்ணும் ஆவாம நிக்குதுன்னு. நானும் கேட்டுக்கினேன். தெர்மாமீட்டர எடுத்துக்கினு ஒரு நாள் சாயந்தரம் போயி அது அடியில ஒரு ஜாண் தோண்டி குத்திப் பாத்தேன், 34. அதே நாள் எங்க மாடி தொட்டில 46. அது தரையில இருக்குது, தன் நிழல்லயே தன் வேர மூடி வெச்சிருக்குது, பூமி எவ்ளோ சூட்டையும் வாங்கி கீழ எறக்கிடும். தொட்டிக்கு நாலு பக்கமும் வெயிலு, கீழ தோசைக்கல்லு. சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கால இருந்து வந்தது தான், ஒரு காலத்துல நம்ம பக்கம் வயல் வரப்பு மேய்ச்சல் நிலம்னு பாக்காம பரவி, 1926ல சிலோன்ல இருந்து ஒரு பூச்சிய கொண்டாந்து உட்டுத் தான் அடக்கியிருக்காங்க. பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டிக்கினு இருக்கும், நசுக்கினா ரத்தம் மாதிரி செவப்பு வரும், அந்தப் பூச்சி. அம்மாவுக்கு கள்ளின்னாலே அந்தப் பழம் தான் ஞாபகம், தரைல தேச்சு முள்ள எடுத்துட்டு சாப்ட்டு நாக்கு பூரா ரோஸ் கலராக்கிக்கினு பள்ளிக்கூடம் போனத இன்னும் சொல்வாங்க.

சரி, என்ன மாத்துனேன். மொதல்ல தரைய விட்டு தூக்குனேன். இது ஒண்ணுக்கே பாதி மார்க் குடுத்துடலாம். பழைய கதவு பலகை ரெண்டு கெடந்துச்சு, ஹாலோ பிளாக் கல்லு மேல அத போட்டு ஒன்றரை அடி ஒசரத்துல ஒரு மேடை. கீழ காத்து போவுது. அதே கருப்பு தொட்டிய பலகை மேல வெச்சு ராத்திரி 11 மணிக்கு குத்திப் பாத்தா 33. தரைல இருந்தப்ப 37. நாலு டிகிரி, சல்லிக்காசு செலவில்ல. இரும்பு ஸ்டாண்டு வாங்கிடாதீங்க, அது தனியா காயும், காலு பட்டா கொப்பளம்.

தொட்டிய மெதுவா மண் தொட்டிக்கு மாத்திக்கினு வர்றேன், மண் தொட்டி சுவரு வழியா ஈரம் ஆவியாவும்போது பானைத் தண்ணி குளுர்ற மாதிரி கொஞ்சம் குளுரும். மாத்த முடியாத பெருசுங்கள, தொட்டிக்குள்ள தொட்டியா எறக்கி சுத்தி நடுவுல மணல் கொட்டிட்டேன். சிலதுக்கு வெளிய வெள்ளை சுண்ணாம்பு பூசினேன், பாக்க கோயில் பலிபீடம் மாதிரி இருக்குது, பரவால்ல. இதெல்லாம் மார்ச்லயே முடிச்சிடணும், மே மாசம் தொட்டி மாத்தி வேர தொந்தரவு பண்ணா அதுவே காரணமா போயிடும்.

அடுத்தது பச்ச வலை, அதான் ஷேட் நெட்டு. 50 சதவீதம் போதும். ரொம்ப அடர்த்தியா 75, 90னு வாங்கினா செடி வெளிச்சம் தேடி மேல ஒல்லியா பென்சில் மாதிரி நீளும், அப்புறம் அந்த ஒல்லிப் பாகம் வாழ்க்கை முழுக்க இடுப்பு மாதிரி நிக்கும். வலைய செடி மேல போத்தக் கூடாது, தலைக்கு மேல நாலடி ஒசரத்துல கட்டணும், இல்லன்னா சூடு வலைக்கு கீழயே தங்கிடும். இதுல நான் மொதல்ல பண்ண முட்டாள்தனம், ஜனவரில நிழல பாத்து வலை கட்டினேன். ஜனவரில சூரியன் தெக்கால சாஞ்சு போவும், அதனால தெக்கு பக்கம் நல்லா எறக்கி கட்டிட்டேன். ஏப்ரல் கடைசி வாரத்துல நம்ம ஊர்ல சூரியன் நேரா உச்சிக்கு வரும், நிழலில்லா நாள்னு பள்ளிக்கூடத்துல கம்பு நட்டு காட்டுவாங்களே அதான், அதுக்கப்புறம் ஆகஸ்ட் நடு வரைக்கும் மத்தியான சூரியன் நமக்கு வடக்கால தான் இருக்கும். மறையறது வடமேக்குல. மே மாசம் மூணு மணி வெயிலு நான் தெறந்து உட்ட வடமேக்கு மூலை வழியா சாஞ்சு வந்து செடிங்களோட அந்தப் பக்கத்த மட்டும் வெளுக்க வெச்சுது. மாமில்லேரியான்னு ஒரு கள்ளி, பாதி பச்சை, பாதி காஞ்ச எலுமிச்சம்பழத் தோலு. வெயில்ல வெந்த தழும்பு ஆறாது, செடி பொழைச்சாலும் அந்தத் தழும்போட தான் இருக்கும். இப்ப மேக்குலயும் வடமேக்குலயும் வலைய திரை மாதிரி தொங்க உட்டிருக்கேன், சாயந்தரம் ஆறு மணிக்கு சுருட்டி மேல கட்டிடுவேன், ராத்திரி காத்து வரணும், தொட்டிங்க ஆகாசத்த பாத்துக்கினு ஆறணும்.

வலை கட்டுனதுல வீட்ல ஒரு சண்டையும் வந்துச்சு. மே மாசம் மாடி அம்மாவுக்கு சொந்தம். விடியக்காலம் அஞ்சரைக்கு கூழு கிண்டி பழைய வேட்டில வத்தல் ஊத்தி முடிச்சிடுவாங்க, மாங்கா வத்தல் மொளகா வேற. நான் கட்டுன நிழல் நவுந்து நவுந்து பதினொரு மணிக்கு நேரா வத்தல் மேல வந்து படுத்துக்குது. "வருஷத்துல இந்த ஒரு மாசம் தான்டா வெயிலு நமக்கு ஒரு வேலைய செய்யுது, அதையும் தடுக்கற"ன்னு ஒரே பாட்டு. ஒரே வெயிலு, அவங்களுக்கு பத்தல, எனக்கு தாங்கல. இப்ப கெழக்கு பாதி வத்தலுக்கு, மேக்கு பாதி கள்ளிக்குன்னு சாக்பீஸ்ல கோடு போட்டிருக்கோம், அந்தக் கோட்ட வாரத்துக்கு ஒரு வாட்டி அம்மா ஒரு சாண் நவுத்தறாங்கன்னு எனக்கு பலமான சந்தேகம்.

தண்ணி. இதுல தான் நெறய பேரு கொல்றாங்க. கள்ளிக்கு தண்ணி குடிக்கற மெல்லிசு வேரு இருக்குதே, ரொம்ப காஞ்சா அத அதுவே உதுத்துடும், மழை வந்தா திரும்ப புதுசா உடும். கடுஞ்சூட்டுல நெறய கள்ளிங்க வளர்றத நிறுத்திட்டு தூங்கிடும். குடிக்கற வேரே இல்லாம தூங்கறவன் வாயில தண்ணிய ஊத்தினா அது எங்க போவும், மண்ணுல நிக்கும், மண்ணு சுடும், பூஞ்சை பொங்கும். அதனால கத்திரில நான் உரம் சுத்தமா நிறுத்திடறேன். பெரிய தொட்டிக்கு 15 நாளைக்கு ஒரு வாட்டி, சின்ன மூணு இன்ச் தொட்டிக்கு வாரம் ஒரு வாட்டி கொஞ்சமா. நாத்தா இருக்கறதுங்களுக்கு மட்டும் விதிவிலக்கு, அதுங்க உடம்புல சேமிப்பு கெடையாது, நாலு நாளு உட்டா கருகிடும். காட்டுலயே சாகுவாரோ நாத்து வேற ஒரு மரத்து நிழல்ல ஒட்டிக்கினு தான் வளரும், வெட்டவெளில மொளைச்சா பெரும்பாலும் தேறாது. என் நாத்தெல்லாம் மாடியிலயே இல்ல, படிக்கட்டு கீழ இருக்குது.

ஊத்தற நேரம், ராத்திரி. ஷிப்ட் முடிஞ்சு வந்து ஊத்தறேன், மொதல் ஷிப்ட் வாரத்துல விடிகாலை நாலரைக்கு. டேங்க் தண்ணிய நேரா ஊத்தறது இல்ல, காலைல பக்கெட்டுல புடிச்சு படிக்கட்டு கீழ நிழல்ல மூடி வெச்சிட்டு ராத்திரி அத ஊத்தறேன். எங்க போர் தண்ணி உப்பு, குக்கர்ல வெள்ளை வெள்ளையா படியுமே, அதே தான் தொட்டி ஓரத்துலயும் படியுது, கள்ளிக்கு சுண்ணாம்புத் தண்ணி நாளடைவுல ஒத்துக்காது. அதனால ஏசி தண்ணி. எங்க வீட்ல இருக்கறது ஒரே ஒரு ஏசி, அப்பாம்மா ரூம்ல, ஒரு ராத்திரிக்கு அரை பக்கெட் வரைக்கும் சொட்டுது, உப்பே கெடையாது. ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல இருந்தும் கேன்ல வாங்கிக்கினு வர்றேன், மொதல்ல ஒரு மாதிரி பாத்தாங்க, இப்ப அவங்களே நெறஞ்சதும் போன் பண்றாங்க.

நர்சரி செடி பத்தி ஒண்ணு. நாம காட்பாடி ரோட்டுலயோ வண்டிக்காரர்கிட்டயோ வாங்கற சின்ன கள்ளி நெறைய கலிம்போங் மாதிரி குளிர் மலை ஊர்ல பாலிதீன் கூரைக்கு அடில வளந்தது. அத மார்ச் ஏப்ரல்ல கொண்டாந்து, பாலைவனச் செடி தானேன்னு நேரா மாடி வெயில்ல வெச்சா மூணே நாள்ல வெள்ளையா வெந்துடும். பழக்கிக்கினா சில கள்ளி உடம்பு 55, 60 டிகிரி சூட்ட கூட கொஞ்ச நேரம் தாங்கும், பழக்கிக்கினான்றது தான் முக்கியம். நான் புதுச மொதல்ல படிக்கட்டு நிழல்ல பத்து நாளு, அப்புறம் காலை வெயில் மட்டும் ரெண்டு வாரம், அப்புறம் தான் வலைக்கு கீழ. எந்தப் பக்கம் சூரியன பாத்துக்கினு இருந்துச்சோ அதே பக்கம் இருக்கட்டும்னு தொட்டில மார்க்கரால ஒரு புள்ளி வெச்சிடுவேன், அழகுக்காக திருப்பி வெச்சா பழகாத முதுகு வெந்துடும். செவப்பு மஞ்சள்னு மேல உருண்டை ஒட்டி விக்கறாங்களே, அத வேலூர் மாடிக்கு கொண்டு வராதீங்க, அந்த உருண்டைல பச்சையமே கெடையாது, கீழ ஒட்டுன தண்டு டிராகன் ஃப்ரூட் ஜாதி, ரெண்டுக்கும் இந்த வெயிலு ஆவாது. அப்புறம் கீறினா பால் வந்தா அது பெரும்பாலும் கள்ளிக் குடும்பமே இல்ல, சதுரக்கள்ளி திருகுகள்ளி வகையறா, கண்ணுல பட்டா ஆஸ்பத்திரி தான், ஜாக்கிரதை.

மண்ணு பத்தி பெருசா எழுத ஒண்ணும் இல்ல. கோகோபீட், அதான் தேங்கா நார்த்தூளு, வேணாம், காஞ்சா தண்ணிய உள்ள உடாது, நனைஞ்சா உடவே உடாது. செங்கல்ல ஒடச்சு கடலைப்பருப்பு சைசுக்கு சலிச்சது பாதி, தூசி போவ நாலு தண்ணில கழுவின எம்-சாண்டு, கொஞ்சம் கரி, கொஞ்சம் மக்குன எலை. முடிஞ்சுது.

இப்ப அந்த என் கைங்கரியம். ஏப்ரல்ல ஒரு மாமில்லேரியால மாவுப்பூச்சி. எனக்கு அவசரம், காலைல எட்டு மணிக்கு வேப்பெண்ணைல சோப்பு கலந்து நல்லா கொழகொழன்னு அடிச்சிட்டு வேலைக்கு போயிட்டேன். எண்ணெய் தடவி வெயில்ல வெச்சா என்ன ஆவும்? அப்பளம் தான். சாயந்தரம் வந்தா வெள்ளை பஞ்சு மாதிரி இருந்த செடி கண்ணாடி மாதிரி பழுப்பா ஒட்டிக்கினு கெடக்குது. பூச்சியும் செத்துச்சு, செடியும் செத்துச்சு. எண்ணெய் எதுவானாலும் சூரியன் எறங்கினப்புறம், ரெண்டு நாளு முழு நிழல்ல வெச்சு, அப்புறம் கழுவி. கோடைல அதவிட நல்லது, பல் வெளக்கற பழைய பிரஷ்ஷ ஸ்பிரிட்டுல தொட்டு ஒண்ணொண்ணா துடைக்கறது. நுனில துரு மாதிரி படிஞ்சா அது பூச்சி கடிச்ச தடம், செலந்திப் பேன், கண்ணுக்கே தெரியாது, காஞ்ச சூட்டுக்கு அது குஷியா பெருகும்.

அழுகல் ஆரம்பிச்சத காப்பாத்தலாம், சீக்கிரம் பாத்தா. பிளேட ஸ்பிரிட்டுல தொடச்சு மேல இருந்து வெட்டிக்கினே வரணும், வெட்டின எடத்துல நடுவட்டம் சுத்தமா பச்சையா இருக்கணும், ஒரு சொட்டு பழுப்பு தெரிஞ்சாலும் இன்னும் மேல வெட்டணும், இரக்கம் பாக்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேட தொடைக்கணும். அப்புறம் கந்தகத்தூள் தடவி நிழல்ல பத்து பதினஞ்சு நாளு அப்படியே போட்டு வெச்சா வெட்டுவாய் தோலு மாதிரி காயும், காஞ்ச மணல் மேல ஒக்கார வெச்சிட்டு மறந்துடணும். போன வருஷம் அப்படி மூணு செஞ்சேன், செரியஸ்னு தூணு மாதிரி வளர்ற கள்ளி ஒண்ணு வேரு புடிச்சு இப்ப முழங்கை ஒசரம் நிக்குது. மத்த ரெண்டும் வெட்ட வெட்ட பழுப்பு போய்க்கினே இருந்துச்சு, கடைசில கையில மொட்டு மட்டும் மிச்சம்.

இத எழுதி முடிக்கற வாரத்துல தான் இடி மழை வந்துச்சு. முந்தாநாள் சாயந்தரம் அஞ்சு மணிக்கு வானம் கருத்து புழுதிக்காத்து, அம்மா வத்தல் துணிய சுருட்டிக்கினு ஓடறாங்க, நான் வலைய புடிச்சுக்கினு ஓடறேன், அரைமணி நேரம் அடிச்சு ஊத்துச்சு. கத்திரி மழைல ஒரு தொல்லை, மறுநாள் காலைல சுளீர்னு வெயில் வரும், செடி உச்சில முள்ளுக்கு நடுவுல நிக்கற தண்ணி கொதிச்சு அந்த எடம் அழுகும். அதனால ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் செல்போன் லைட்ட அடிச்சுக்கினு ஒவ்வொண்ணுத்து உச்சிலயும் ஊதி ஊதி தண்ணிய வெளிய தள்ளினேன், சைக்கிளுக்கு காத்தடிக்கற பம்பு இருந்தா இன்னும் வசதி. பாதி வேலைல தான் கவனிச்சேன், செருப்பு போடாம வந்திருக்கேன். தரை சில்லுன்னு இருக்குது. மார்ச்சுக்கு அப்புறம் இப்ப தான்.

காலைல எழுந்து பல்லு கூட வெளக்காம படிக்கட்டு ஓரம் போயி ரணகள்ளி எலை நுனிய கிள்ளி நாக்குல வெச்சேன். புளிச்சுது.